ரொறன்ரோவின் கீழே ஒரு கடல்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக நாவலையும் கவிதையையும் பற்றிப் பேசுவோம். இன்று நான் பாறையைப் பற்றிப் பேசப் போகிறேன். இலக்கியக் கூட்டத்தில் பாறைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைசியில் இறையனார் களவியல் உரைக்கு வந்து சேருவேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் கழற்றிவைத்த உங்கள் சப்பாத்துகளைப் போகும்போது பாருங்கள். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கோடு ஓடியிருக்கும். பனி உருகுவதற்காக வீதியில் கொட்டிய உப்பு அது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிகாலத்தில் அந்தக் கோட்டைக் கண்டதும் எனக்கு ஆனையிறவு நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் போகும்போது இருபக்கமும் பாத்தி பாத்தியாய் விரிந்து கிடக்கும் உப்பளம், கண் கூசும் வெள்ளை. இங்கே கடலே இல்லையே, இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று அப்போது யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. பல வருடம் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

ஒன்ராறியோ வீதிகளுக்கு வரும் உப்பில் பெருமளவு கோடரிச், வின்சர் ஆகிய ஊர்களின் சுரங்கங்களில் வெட்டியது. கோடரிச், ஹியூரன் ஏரிக்கரையில் உள்ள சிறிய ஊர். 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். எண்ணெய் கிடைக்கவில்லை, உப்பு கிடைத்தது. இன்று அந்த ஊரின் சுரங்கம் ஏரியின் அடியில், சுமார் 550 மீற்றர் ஆழத்தில் ஓடுகிறது. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். அங்கே வெட்டுகிற உப்பு ஏறக்குறைய 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வற்றிய ஒரு கடலின் உப்பு. சிலூரியன் என்று புவியியலாளர் சொல்லும் காலம். அப்போது டைனோசர் கிடையாது, பறவை கிடையாது, பூ கிடையாது. தரையில் முதுகெலும்புள்ள ஒரு பிராணியும் நடக்கவில்லை.

அந்தக் கடல் எப்படி உப்பானது என்பதை ஆனையிறவைத் தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. உப்பளத்தில் என்ன செய்கிறோம்? வரம்பு கட்டிக் கடல் நீரை உள்ளே விட்டு அடைக்கிறோம். வெயில் நீரைக் குடிக்கிறது, உப்பு தங்குகிறது. இன்றைய மிச்சிகன் மாநிலமும் தென்மேற்கு ஒன்ராறியோவும் சேர்ந்த பகுதி அன்று ஒரு பெரிய கிண்ணம் போலத் தாழ்ந்து, கடல் நிரம்பிக் கிடந்தது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் வரம்பு கட்டியவை பவளத்திட்டுகள். நம் ஊரில் முருகைக்கல் என்போமே, அதே இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் மட்டும் அதே தொழில். விளிம்பில் திட்டுகள் வளர்ந்து, வெளிக்கடலின் நீர் உள்ளே வருவதைக் குறைத்தன. கொளுத்தும் வெயில். நீர் ஆவியானது. உள்ளே கசிந்து வந்த புது நீரும் ஆவியானது. இப்படியே அடுக்கடுக்காக உப்பு படிந்தது.

கனடாவில் எங்கே கொளுத்தும் வெயில் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று இந்த நிலம் இங்கே இல்லை. வட அமெரிக்காவின் பழைய உடலை லாரென்சியா என்கிறார்கள். சிலூரியன் காலத்தில் அது நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. இன்று நாம் உட்கார்ந்திருக்கும் பகுதி நடுக்கோட்டுக்குத் தெற்கே, வெப்பமண்டலக் கடலுக்குள் இருந்தது. பனிக்கு மருந்தாக நாம் கொட்டும் உப்பு, வெப்பமண்டல வெயில் காய்ச்சிய உப்பு.

அந்தத் திட்டுகளைக் கட்டியவர்கள் யார்? ஸ்ட்ரோமடோபோராய்டு என்று வாயில் நுழையாத பெயருள்ள கடற்பஞ்சு இனம் ஒன்று. அடுக்கடுக்காய், முட்டைக்கோசை வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். தேன்கூட்டைப் போல அறுகோண அறைகள் கொண்ட பவளம் ஒன்று. சங்கிலியைக் கல்லில் பதித்தது போல இன்னொன்று. மாட்டுக் கொம்பு போலத் தனித்து நிற்கும் பவளம் வேறு. மன்னார் வளைகுடாவில் இன்று வாழும் பவளங்களுக்கு இவை நேர் முன்னோர் அல்ல. இந்தப் பழைய பவளக் குலங்கள் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பேரழிவோடு முற்றாக அற்றுப்போயின. இன்றைய பவளங்கள் பிறகு வேறு வழியில் வந்து அதே தொழிலை எடுத்துக்கொண்டன.

அற்றுப்போன அந்தக் குடிகளின் வீடுகள் இன்றும் நமக்கு வேலை செய்கின்றன. ஸார்னியாவுக்கு அருகே லாம்ப்டன் பகுதியில் நிலத்தின் ஆழத்தில் கோபுரம் கோபுரமாகச் சிலூரியன் திட்டுகள் புதைந்திருக்கின்றன. அவற்றின் நுண்துளைகளில் எண்ணெயும் எரிவாயுவும் தேங்கியிருந்தன. அதை எடுத்து முடித்த பிறகு, அதே துளைகளைக் களஞ்சியமாக்கிக்கொண்டார்கள். கோடையில் எரிவாயுவை உள்ளே அழுத்தி நிரப்பி, மாரியில் எடுக்கிறார்கள். தென் ஒன்ராறியோவின் பல வீடுகள் ஒரு பழைய பவளத்திட்டின் புண்ணியத்தில் சூடாக இருக்கின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் நயாகராவும் அதே கடலின் பாறைதான். மேலே கெட்டியான டொலமைட். கீழே மெதுவான களிப்பாறை. கீழே இருப்பது கரைய, மேலே இருப்பது உடைந்து விழுகிறது. அப்படி உடைந்து உடைந்து, கடைசிப் பனியூழி முடிந்த இந்த 12,000 ஆண்டுகளில் அருவி சுமார் 11 கிலோமீற்றர் பின்வாங்கியிருக்கிறது.

பவளம் நாட்குறிப்பும் எழுதும். பவளத்தின் மேல் நாளுக்கு ஒன்றாக மெல்லிய வரி படியும். ஆண்டுக்கு ஒன்றாகப் பெரிய வளையம் தெரியும். 1963இல் ஜோன் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிலூரியனுக்கு அடுத்து வந்த டெவோனியன் காலத்துப் பவளங்களில் இந்த வரிகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 வரிகள் வந்தன. அன்று ஆண்டுக்கு 400 நாள். ஒரு நாளுக்குச் சுமார் 22 மணி நேரம். கடலின் ஏற்றவற்று பூமியின் சுழற்சியை மெல்ல மெல்ல இழுத்துப் பிடிப்பதால் நாள் நீண்டுகொண்டே வந்திருக்கிறது என்று வானியலாளர் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்குக்குப் பவளம் சாட்சி சொன்னது.

சாட்சி என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு சாட்சி, பவளம் ஒரு சாட்சி. மூன்றாவது சாட்சி செங்கல்.

ரொறன்ரோவின் பழைய வீடுகள் ஏன் சிவப்புச் செங்கல் வீடுகளாக இருக்கின்றன? டொன் பள்ளத்தாக்கில் 1889இல் தொடங்கிய ஒரு செங்கல் சூளை கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஓடியது. மாசி ஹோல், காசா லோமா போன்ற கட்டடங்களுக்கு அங்கிருந்து செங்கல் போனது. இன்று எவர்கிறீன் என்ற பெயரில் சந்தையும் பூங்காவுமாக இருக்கும் இடம். அந்தச் சூளை அரைத்தது, பள்ளத்தின் அடியில் கிடக்கும் சாம்பல்நிறக் களிப்பாறையை. வயது ஏறக்குறைய 45 கோடி ஆண்டு. சிலூரியனுக்கு முந்திய ஓர்டோவிசியன் காலம். ஹம்பர் ஆற்றிலும் எட்டோபிகோ ஓடையிலும் நீர் குறைந்த நாளில் நடந்தால் அதே பாறை படிப்படியாக வெளியே தெரியும். அதில் சிப்பிகள், கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள், நீண்ட கூம்பு ஓட்டுக்குள் வாழ்ந்த கணவாய் உறவினர்கள். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கலிடனுக்கு அருகே செல்டனம் என்ற இடத்தில் அதற்குச் சற்றுப் பின்னால் வந்த செந்நிறப் பாறை அலையலையாக வெளியே கிடக்கிறது. பலர் அங்கே படம் எடுத்திருப்பீர்கள்.

இவ்வளவு சேறு எங்கிருந்து வந்தது? சேறு சும்மா வராது. எங்கோ மலை கரைய வேண்டும். பாறைப் படிவுகள் கிழக்கே போகப் போகத் தடித்துக்கொண்டு போகின்றன. ஆகவே மலை கிழக்கே எழுந்திருக்கிறது. இன்றைய அப்பலாச்சியன் மலைத்தொடரின் முதல் பிறவி அது. கிழக்கே அப்போது ஏன் மலை எழுந்தது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களில் முக்கியமானவர் நம் ஊர்க்காரர்.

ஜோன் டூசோ வில்சன் 1908இல் ஒட்டாவாவில் பிறந்தார். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே புவி இயற்பியல் பேராசிரியரானார். கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியரான ஆல்பிரட் வெகனர் 1912இலேயே சொல்லியிருந்தார். வில்சன் அதை நம்பவில்லை. பூமி குளிர்ந்து சுருங்குகிறது, சுருங்கும்போது மடிப்பு விழுந்து மலையாகிறது என்பது அவர் கட்சி. 1959இல் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட பாடநூலிலும் அந்தப் பக்கமே நின்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேரும் புகழும் இருந்தன. அந்த வயதில் தான் எழுதியதைத் தானே தள்ளிவைப்பது எவ்வளவு கடினம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

கடலடியிலிருந்து புதிய அளவீடுகள் வந்தன. வில்சன் அவற்றைப் படித்தார், கட்சி மாறினார். மாறியதோடு நிற்கவில்லை. 1963இல் ஹவாய்த் தீவுகள் ஏன் வரிசையாக இருக்கின்றன என்று விளக்கினார். அந்தக் கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்ப, பிறகு கனடிய இயற்பியல் இதழ் ஒன்றில் வந்தது. 1965இல் கடலடியின் ஒருவகைப் பிளவுகளை விளக்கினார். 1966இல் நேச்சர் இதழில், அட்லாண்டிக் ஒருமுறை மூடி மறுபடி திறந்ததா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார்.

அந்தக் கட்டுரையின் சாட்சிகள் டிரைலோபைட்டுகள். கடலடியில் ஊர்ந்த, மரவட்டையையும் நண்டையும் கலந்தது போன்ற பிராணிகள். பழைய பாறைகளில் அவற்றின் இனங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒன்று அமெரிக்கக் கூட்டம், மற்றது ஐரோப்பியக் கூட்டம். நடுவே அட்லாண்டிக் இருப்பதால் அப்படி என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லைக்கோடு அட்லாண்டிக்கில் விழவில்லை. நியூபவுண்ட்லாந்தின் கிழக்குப் பகுதியில் ஐரோப்பியக் கூட்டம் கிடக்கிறது. ஸ்கொட்லாந்தின் வடமேற்கில் அமெரிக்கக் கூட்டம் கிடக்கிறது. வில்சன் சொன்னது இதுதான்: இன்றைய அட்லாண்டிக்குக்கு முன்னால் அங்கே வேறொரு கடல் இருந்தது. அதன் இரு கரையிலும் இரு கூட்டங்கள் வாழ்ந்தன. அந்தக் கடல் மூடியது, கரைகள் மோதின, மலை எழுந்தது. பிறகு மறுபடி பிளந்தபோது பழைய தையலில் பிளக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிளந்தது. அதனால் இந்தக் கரையின் துண்டு அந்தப் பக்கமும், அந்தக் கரையின் துண்டு இந்தப் பக்கமும் தங்கிவிட்டன. மூடிய அந்தக் கடலுக்குப் பின்னால் வந்தவர்கள் ஐயபெட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் அட்லஸின் தகப்பன் பெயர் அது.

ஓர்டோவிசியன் காலத்தில் அந்தக் கடல் மூடத் தொடங்கியபோது எழுந்த மலையின் சேறுதான் ரொறன்ரோவின் செங்கல். சிலூரியனில் கொஞ்சம் அமைதி; பவளமும் உப்பும். டெவோனியனில் மறுபடி மோதல், மறுபடி மலை. அந்தக் காலத்தில்தான் தரையில் மரம் வளர்ந்து காடானது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கண்டெடுத்த டிக்டாலிக் என்ற மீனுக்கு 37.5 கோடி வயது. துடுப்புக்குள் மணிக்கட்டு மாதிரி எலும்பு இருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்கள் நுனவுட்டின் இனுயிட் மூத்தோர்.

இதே காலத்தில் நம் ஊர் எங்கே இருந்தது? தமிழ்நாடும் இலங்கையும் கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் வயிற்றுக்குள் இருந்தன. மடகாஸ்கரும் அண்டார்டிக்காவும் அக்கம்பக்கம். இந்த மூன்று காலங்களின் கடற்பாறை நம் ஊரில் இல்லை. பல்லாவரத்துக் குன்றும் கண்டி மலையும் அதைவிட மிக மிகப் பழையவை. அரியலூரின் சிப்பிப் பாறையும், நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் மிகப் பிந்தியவை. யாழ்ப்பாணத்துக் கல்லுக்கு ஒன்றிரண்டு கோடி ஆண்டு வயதுதான். நடுவில் ஒரு பெரிய பகுதி ஏட்டில் இல்லாமல் போயிருக்கிறது. நம் ஊரின் ஏட்டில் இல்லாத அந்தப் பக்கங்களை, நான் அகதியாக வந்து சேர்ந்த ஊரில், ஓடைக்கரையில் நின்று வாசிக்கிறேன்.

இனி இறையனார் களவியல் உரைக்கு வருகிறேன். கடல் கொண்ட சங்கங்களைப் பற்றி அது சொல்கிறது. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரியையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. பல நூற்றாண்டு கழித்து உரை எழுதிய அடியார்க்குநல்லார் அந்த நிலத்துக்கு 49 நாடுகளும் 700 காவத நீளமும் கொடுக்கிறார். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் இனத்துக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, நடுவே ஒரு கண்டம் மூழ்கியது என்று ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். நாம் இரண்டையும் முடிச்சுப் போட்டோம். குமரிக்கண்டம் பிறந்தது.

இந்தக் கதையை நான் சிறுவயதில் கண் கலங்கக் கேட்டவன். நிலம் இழந்த சனத்துக்கு, நமக்கு இதற்கு முன்னரும் ஒரு நிலம் இருந்தது, அதையும் இழந்தோம் என்ற கதை எவ்வளவு நெருக்கமானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தொலைந்த கடல் எப்படிச் சாட்சி வைத்துவிட்டுப் போகும் என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். உப்பு, பவளம், சேறு, கரை மாறிக் கிடக்கும் பிராணிகள். இந்து சமுத்திரத்தின் அடியைத் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே கிடப்பது பெரும்பாலும் கடலடியிலேயே பிறந்த எரிமலைப் பாறை. மூழ்கிய பெருங்கண்டம் இல்லை. மொரீசியஸ் தீவின் எரிமலைக் கல்லில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கன் மணிகளைக் கண்டதாக 2017இல் எழுதினார்கள். கண்டத்தின் சில்லுகள் சில அங்கே அடியில் சிக்கியிருப்பது உண்மை. ஆனால் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனித இனத்துக்கு வயது மூன்று லட்சம் ஆண்டுதான். ஸ்கிளேட்டர் கேட்ட கேள்விக்கு, நிலம் மூழ்கத் தேவையில்லை, நிலங்கள் விலகினாலே போதும் என்று விடை வந்தது. விஞ்ஞானிகள் லெமூரியாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நாம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கீழே வைத்தால் கை வெறுங்கையாகிவிடுமா? ஆகாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 20 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. ஆக, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்கூடத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நடந்து போயிருக்கலாம். அங்கே மனிதர் வாழ்ந்தார்கள். கடல் ஏறி வந்தது. 700 காவதம் இல்லை, 49 நாடு இல்லை. ஆனால் அது உண்மையாகவே நாம் இழந்த நிலம். கடல்கோள் கதைகளுக்குள் அதன் நினைவு ஏதும் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்பதற்கு இடம் இருக்கிறது. பெரிய பொய்யை மடியில் கட்டிக்கொண்டிருக்கும்வரை இந்தச் சிறிய உண்மையை நாம் தேடப் போவதில்லை.

நேரலையில் ஒரு நண்பர் கேள்வி அனுப்பியிருக்கிறார். நிலமே நகர்கிறது என்றால் என் நிலம், உன் நிலம் என்ற பேச்சுக்கு என்ன பொருள் என்று கேட்கிறார். இப்படிச் சொல்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். எல்லாரும் வந்தேறிகள்தான், பாறைகூட வந்தேறிதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வட அமெரிக்கா நகரும் வேகம் நகம் வளரும் வேகம். வில்சன் வாழ்ந்த 84 ஆண்டுகளில் அட்லாண்டிக் சுமார் இரண்டு மீற்றர் அகன்றது. ஒரு குடும்பம் தன் வளவை இழக்க ஓர் இரவு போதும். இந்த ரொறன்ரோ நிலத்தின் கொள்முதல் சரியாக நடக்கவில்லை என்று கிரெடிட் ஆற்று மிசிசாகா மக்கள் தொடுத்த கோரிக்கை 2010இல்தான் 14.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. 42 கோடி ஆண்டுக் கணக்கைக் காட்டி அவர்களின் இருநூறு ஆண்டுக் கணக்கை யாரும் அழித்துவிட முடியாது. நம்முடையதையும் முடியாது. இரண்டுக்கும் சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

வில்சன் 1974 முதல் 1985 வரை ஒன்ராறியோ அறிவியல் மையத்தின் தலைவராக இருந்தார். அவர் பிறந்த நாளிலிருந்து கண்டம் எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் பெரிய ஆணி ஒன்றை அந்த வளாகத்தில் நினைவாக நிறுத்தினார்கள். நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். நாம் யாரும் நின்று பார்த்ததில்லை. அந்த மையம் 2024 ஜூன் 21இல் மூடப்பட்டுவிட்டது.

ஹம்பர் ஆறு மூடப்படவில்லை. பனி கரைந்ததும் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சப்பாத்து நனையும், பரவாயில்லை.